பாதிப் புள்ளி கம்பெனிக்கு

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆஃபர் லெட்டரை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டேன். போனில் பேசினால் உன் அம்மா நடுவில் புகுந்து, "கிடைக்குமா கிடைக்காதா, அதை மட்டும் சொல்லுடி" என்பாள். ஒரு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் கடிதம். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே கண்ணு, கையில் பேனாவோடு உட்கார்ந்து படி.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த லெட்டரில் இருக்கும் சம்பளத்துக்கு உனக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ் வராது. உன் படிப்பிலோ அனுபவத்திலோ குறை இல்லை. கணக்கு உதைக்கிறது.

மாதம் 5,800 வெள்ளி, அதற்கு மேல் "திறனுக்கேற்ப 700 வெள்ளி வரை" என்று போட்டிருக்கிறார்கள். (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம், பழகிக்கொள்.) சிங்கப்பூர் மனிதவள அமைச்சு பார்ப்பது மாதாமாதம் மாறாமல் வரும் சம்பளத்தை மட்டும். அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் அதில் சேரும். போனஸ், ஓவர்டைம், "திறனுக்கேற்ப" எல்லாம் சேராது. ஆக அந்த 700 அமைச்சின் கண்ணுக்குத் தெரியாது. மிச்சம் 5,800.

"குறைந்தபட்சம் 5,600 தானே சித்தி, நம்மது அதைவிட அதிகமாச்சே" என்று நீ கேட்டிருந்தாய். 2025 ஜனவரியிலிருந்து 5,600 என்பது சரிதான். ஆனால் அது 23 வயதுக்காரர்களுக்கு. வயது ஒவ்வொன்று ஏறும்போதும் அந்தத் தொகையும் ஒரு படி ஏறும்; 45 வயதில் 10,700 வெள்ளியில் போய் நிற்கும். வங்கி, நிதித்துறை என்றால் இன்னும் அதிகம், 6,200இல் தொடங்கி 11,800 வரை. உனக்கு இப்போது 28. உன் வயதுக்கு 6,750 வெள்ளியைத் தாண்டியாக வேண்டும். அந்த 700ஐச் சேர்த்தால்கூட எட்டாது. அமைச்சின் வெப்சைட்டில் முதல் பக்கத்தில் 5,600 என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு, 30 வயதுக்காரருக்கு 5,700க்கு ஆஃபர் போட்டுக் கொண்டுவருகிறவர்களை நான் என் எச்ஆர் மேசையில் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொகை ஒரே இடத்தில் நிற்கிற சமாச்சாரமும் இல்லை. 2017இல் 3,600 ஆக இருந்தது. 2020 மே மாதம் 3,900, அதே வருடம் செப்டம்பரில் 4,500, 2022 செப்டம்பரில் 5,000, இப்போது 5,600. முதல் பாஸ் அதிகபட்சம் இரண்டு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். புதுப்பிக்கும்போது உனக்கு 30 வயது. இப்போதுள்ள அட்டவணைப்படியே பார்த்தாலும் 7,200 தாண்ட வேண்டும். அதற்குள் அட்டவணையையே உயர்த்தியிருந்தால் அதற்கும் மேல். ஆகவே எந்தக் கம்பெனியோடு பேசினாலும் "இரண்டு வருடம் கழித்து என் சம்பளம் எவ்வளவு இருக்கும்?" என்று இப்போதே கேட்க வேண்டும். பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்று கூசாதே. விவரம் தெரிந்த எச்ஆர்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்.

சம்பளம் என்பது முதல் வாசல்தான். அதைத் தாண்டினால் காம்பஸ் என்று ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. 2023 செப்டம்பர் 1 முதல் புது விண்ணப்பங்களுக்கும், அடுத்த வருடம் அதே தேதியிலிருந்து புதுப்பிப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. 40 புள்ளி எடுத்தால் தேறலாம். இதைப் பற்றி ஊரில் பேசுகிறவர்கள் எல்லோரும், "பரீட்சை மாதிரி, நம்ம மார்க்கு நம்ம கையில" என்கிறார்கள். அங்கேதான் தப்புக் கணக்கு. நான்கு தலைப்புகளில் புள்ளி போடுகிறார்கள். அதில் இரண்டு மட்டும்தான் உன்னைப் பற்றியவை. மற்ற இரண்டும் உன்னைக் கூப்பிடும் கம்பெனியைப் பற்றியவை. நீ தலைகீழாக நின்றாலும் அவற்றில் ஒரு புள்ளி கூட்ட முடியாது.

உன் பங்கு முதலில். சம்பளம்: உன் துறையில், உன் வயதில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள் வாங்குவதோடு உன் சம்பளத்தை ஒப்பிடுவார்கள். அவர்களில் 90 சதவீதம் பேரை எட்டிப் பிடித்தால் 20 புள்ளி, 65 சதவீதத்தைத் தாண்டினால் 10, அதற்குக் கீழே பூஜ்யம். படிப்பு: உலகத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் 20, மற்ற அங்கீகரிக்கப்பட்ட பட்டம் என்றால் 10. உன் பி.இ.க்கு 10 வரும்.

இனி கம்பெனியின் பங்கு. ஒன்று, அங்கே நிர்வாக, தொழில்நுட்ப வேலைகளில் இருப்பவர்களில் உன் நாட்டுக்காரர்கள் எத்தனை பேர்? 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் 20 புள்ளி, 25 சதவீதத்துக்குள் இருந்தால் 10, அதை எட்டிவிட்டால் பூஜ்யம். இரண்டு, அதே துறையில் உள்ள மற்றக் கம்பெனிகளோடு ஒப்பிட்டால் உள்ளூர்க்காரர்களுக்கு இவர்கள் எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்? பாதிக் கம்பெனிகளுக்கு மேலே இருந்தால் 20, கடைசி 20 சதவீதத்தில் கிடந்தால் பூஜ்யம், நடுவில் என்றால் 10.

இப்போது உன் லெட்டரை எடு. அந்தக் கம்பெனியின் லிங்க்ட்இன் பக்கத்தை நான் பார்த்தேன். அங்கே பெயர் போட்டிருக்கும் நாற்பது சொச்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் சென்னையிலோ ஹைதராபாத்திலோ படித்து நேரே வந்தவர்கள். லிங்க்ட்இன் கணக்கு துல்லியமானதில்லைதான், இருந்தாலும் போக்கு தெரிகிறது. நாட்டுப் பங்கில் பூஜ்யம். உள்ளூர்க்காரர்கள் பங்கிலும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள். படிப்புக்கு 10. சம்பளத்தை அவர்கள் வானளவு உயர்த்தி, 90 சதவீதத்தை எட்ட வைத்தாலும் அதற்கு 20. மொத்தம் 30. தேற 40 வேண்டும். அந்தக் கம்பெனி உனக்கு எட்டாயிரம் கொடுத்தாலும் பத்தாயிரம் கொடுத்தாலும் உன்னை உள்ளே கொண்டுவர முடியாது என்பதுதான் இதன் அர்த்தம்.

அதே நீ, அதே பட்டம், வேறு கம்பெனி. உள்ளூர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள், இந்தியர்கள் ஐந்து சதவீதத்துக்கும் குறைவு என்று வை. அங்கே 20, உள்ளூர்ப் பங்குக்கு நடுத்தரமாக 10, படிப்புக்கு 10. சம்பளத்தில் பூஜ்யம் வாங்கினாலும் 40 ஆகிவிட்டது. உன் வயதுக்குரிய அடிப்படைத் தொகையைக் கொடுத்தால் போதும்.

சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு சலுகை உண்டு. நிர்வாக, தொழில்நுட்ப வேலைகளில் 25 பேருக்கும் குறைவாக இருந்தால், கம்பெனியைப் பற்றிய இரண்டு தலைப்புகளுக்கும் பத்துப் பத்தாகப் போட்டுவிடுவார்கள். அதோடு உன் பட்டத்துக்கு 10. சம்பளத்தில் ஒரு 10 வாங்கிவிட்டால் முடிந்தது. ஆகவே சின்னக் கம்பெனி என்று ஒதுக்காதே. உனக்கு மோசமான இடம் என்றால் அது நடுத்தர அளவில், நம் ஊர்க்காரர்களால் நிரம்பியிருக்கும் கம்பெனிதான். நம் பிள்ளைகளுக்கு முதலில் ஆஃபர் வருவதும் அங்கிருந்துதான் என்பது வேடிக்கை. தெரிந்தவர் மூலமாகத் தெரிந்தவர் என்று அழைத்து அழைத்தே அந்த இடம் நிரம்பியிருக்கும்.

கூடுதல் புள்ளி கொடுக்கும் பட்டியல் ஒன்றும் உண்டு: ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகள். செயற்கை நுண்ணறிவு, சைபர் செக்யூரிட்டி, பதிவுபெற்ற செவிலியர், பிசியோதெரபிஸ்ட் என்று போகும். அதில் உள்ள வேலை என்றால் 20 புள்ளி. கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உன் நாட்டுக்காரர்களாக இருந்தால் அது 10 ஆகக் குறையும். "டெஸ்டிங் என்று போடாமல் சைபர் செக்யூரிட்டி என்று பெயர் மாற்றிப் போட்டுவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். பெயருக்கு ஏற்ற வேலையை உண்மையிலேயே செய்கிறாய் என்று காட்ட வேண்டிவரும். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மாதம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்குகிறவர்களுக்கு இந்தப் புள்ளிக் கணக்கே கிடையாது. அது உனக்கும் எனக்கும் இப்போதைக்கு வேண்டாத விவரம்.

"இந்தியர்கள் அதிகம் என்பதற்காக என்னை ஒதுக்குவது நியாயமா?" என்று உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து பார். எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருந்தவர்களில் இந்தியர்களின் பங்கு 2005இல் ஏறத்தாழ 14 சதவீதம், 2020இல் 25 சதவீதம் என்று 2021 ஜூலையில் மனிதவள அமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். 2005இல் இந்தியாவோடு போட்ட பொருளாதார ஒப்பந்தம்தான் இதற்குக் காரணம் என்று இங்கே ஒரு பெரிய சண்டையே நடந்தது. காரணம் அந்த ஒப்பந்தம் இல்லை, தொழில்நுட்ப வேலைகள் பெருகியதுதான் என்று அரசாங்கம் பதில் சொன்னது. ஆனாலும் ஒரு மாடி முழுக்க ஒரே ஊர்க்காரர்கள், சாப்பாட்டு மேசைப் பேச்சு முழுக்க ஒரே மொழி என்றிருந்தால், அங்கே வேலைக்குச் சேரும் உள்ளூர்ப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? கோயம்புத்தூரில் உன் ஆபீஸில் அப்படி ஒரு நிலைமை வந்தால் உன் அப்பாவே முதலில் சத்தம் போடுவார். ஒரு விஷயத்தைக் கவனி: அவர்கள் பார்ப்பது நாட்டுரிமையை, இனத்தை இல்லை. சிங்கப்பூர்க் குடிமகனான தமிழர் உள்ளூர்க்காரர். ஜொகூரிலிருந்து வரும் தமிழர் மலேசியர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை இலங்கையர். நீதான் இந்தியர்.

இன்னொரு படியும் இருக்கிறது. உனக்கு விண்ணப்பிக்கும் முன் கம்பெனி அந்த வேலையை மைகெரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரப்படுத்த வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. அந்த விளம்பரத்தில் சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்று போட்டே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் யாரும் இதைப் பயன்படுத்திப் பார்ப்பதில்லை. கோயம்புத்தூரில் உட்கார்ந்தபடியே அந்தத் தளத்தைத் திறந்து, கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம். உனக்கு 5,800 என்று எழுதியவர்கள் அங்கே 7,000 முதல் 9,000 வரை என்று போட்டிருந்தால் உனக்குக் கேள்வி கேட்க ஒரு பிடி கிடைத்தது. விளம்பரமே இல்லையென்றால், அந்த வேலை எந்த அளவுக்கு நிஜம் என்று யோசி.

அடுத்தது பணம். லெட்டரோடு வந்த இன்னொரு மெசேஜையும் நீ அனுப்பியிருந்தாய். "புராசசிங் சார்ஜ் இரண்டரை லட்சம், பாதி இப்போது, பாதி ஐபிஏ வந்ததும்." (ஐபிஏ என்பது முதல்கட்ட ஒப்புதல் கடிதம்.) அதைப் படித்த பிறகுதான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதலாம் என்று முடிவெடுத்தேன்.

அமைச்சுக்குக் கட்ட வேண்டிய தொகை என்ன தெரியுமா? விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி. அனுமதி கிடைத்து பாஸ் எடுக்கும்போது 225 வெள்ளி. இரண்டையும் கூட்டினால் நம் பணத்தில் இருபதாயிரம் சொச்சம்தான் வரும். அதையும் கட்டுகிறவர் விண்ணப்பிக்கும் கம்பெனியோ அதன் ஏஜென்சியோதான். இந்தப் பாஸுக்கு நீயாக விண்ணப்பிக்கவே முடியாது. ஜெர்மனியில் 2024 ஜூனிலிருந்து சான்சன்கார்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு அங்கே போய் ஒரு வருடம் வேலை தேடலாம். சிங்கப்பூரில் அந்தப் பேச்சே கிடையாது, கம்பெனி உன்னைக் கூப்பிட வேண்டும். அப்படி இருக்கும்போது இரண்டரை லட்சம் எதற்கு?

சிங்கப்பூர் உரிமம் பெற்ற ஏஜென்சி வேலைக்கு வருகிறவரிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. முதலாளி உன்னை ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிட்டால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் தளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். நம் நாட்டுப் பக்கம் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் அதன்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், அவ்வளவுதான். இ-மைகிரேட் தளத்தில் பெயர் பார்க்கலாம், சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு மனிதவள நிறுவனம் என்று ஒன்று 1978 முதல் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் நம் ஆட்கள் டீக்கடை மாடியில் போர்டு போட்டவரிடம்தான் போவார்கள்.

இதில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு ஆபத்து கூடுதல். இந்தியாவில் குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போக வேண்டிய நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. பட்டதாரியான உன் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கட்டுப்பாடும் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ விமானம் ஏறும்முன் உன் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துப் பார்க்க ஓர் அதிகாரியும் இல்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளிக்கு இருக்கும் அந்த ஒரு சோதனைகூட உனக்கு இல்லை. நீயேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏஜென்ட் வாங்குவதைவிட மோசமானது முதலாளி வாங்குவது. காகிதத்தில் 7,000 என்று காட்டுவார்கள், வங்கிக் கணக்கிலும் 7,000 விழும். ஐந்தாம் தேதி ஆனதும் 2,000 வெள்ளியை ரொக்கமாக எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். போன வருடம் தேக்கா உணவு அங்காடியில் ஒரு பையன், உன்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும், என் எதிரே உட்கார்ந்து ஏடிஎம் ரசீதுகளை மேசையில் வரிசையாக அடுக்கிக் காட்டினான். மாதாமாதம் ஒரே தேதி, ஒரே தொகை. கேட்டால், "எல்லாரும் கொடுக்கிறாங்க அக்கா" என்றான். வேலை கொடுப்பதற்காக முதலாளி பணம் வாங்குவது இங்கே குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அந்த ரசீதுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததுதான் அவன் செய்த புத்திசாலித்தனம். அமைச்சில் புகார் கொடுத்தபோது பேசியவை அவைதான். அவன் வாயால் சொன்னதை யாரும் எழுதிக்கூட வைத்திருக்க மாட்டார்கள். உன்னிடம் 5,800க்கு ஆஃபர் போட்டவர்கள் நாளைக்கு, "அமைச்சுக்கு 6,800 என்று காட்டிக்கொள்கிறோம், மிச்சத்தை நீ..." என்று இழுத்தால், வாக்கியம் முடியும்வரை காத்திருக்காதே.

எம்ப்ளாய்மென்ட் பாஸ் வராது என்று தெரிந்ததும் அடுத்து அவர்கள் சொல்லப்போவது எனக்கு இப்போதே கேட்கிறது: "எஸ் பாஸ்ல வந்துடும்மா, அப்புறம் மாத்திக்கலாம்." எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து குறைந்த சம்பளம் 3,300, அதுவும் வயதோடு ஏறும். அதற்குப் புள்ளிக் கணக்கு கிடையாது, ஆனால் இட ஒதுக்கீடு உண்டு. சேவைத் துறையில் மொத்த ஆட்களில் பத்து சதவீதம்தான் எஸ் பாஸ்காரர்களாக இருக்கலாம். உன்னைப் போல ஒருத்திக்கு இடம் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னும் ஒன்பது பேர் கணக்கில் இருக்க வேண்டும். உனக்காக மாதம் 650 வெள்ளி தீர்வையும் (லெவி) கம்பெனி கட்ட வேண்டும். அதை உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. "லெவியில் பாதி உன்னுது" என்பது சட்டவிரோதமான பேச்சு. எஸ் பாஸில் வருவது கேவலம் என்று சொல்ல மாட்டேன், டிப்ளமா படித்து இப்படி வந்து மரியாதையாக வாழும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் ஆறு வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு நீ அந்தச் சம்பளத்துக்கு வருவது நஷ்டம். வாடகை கொடுத்துவிட்டுப் பார்த்தால் கோயம்புத்தூரில் மிச்சம் பிடிப்பதுதான் மிஞ்சும்.

டெப் பாஸ் என்று யாராவது ஆசை காட்டினால் அது வெறும் பயிற்சிக்கான பாஸ். மூன்று மாதம்தான், நீட்டிக்கவும் முடியாது. அதை வேலை என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி நான் எழுதவே போவதில்லை.

எல்லாம் சரியாக அமைந்தால் நடப்பது இதுதான். பட்டச் சான்றிதழை ஒரு சரிபார்ப்பு நிறுவனம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். அதற்குச் சில வாரம் பிடிக்கலாம், ஆகவே டிகிரி, கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட் இரண்டையும் இப்போதே தெளிவாக ஸ்கேன் செய்து வை. பிறகு கம்பெனி ஆன்லைனில் விண்ணப்பிக்கும். பெரும்பாலும் பத்து வேலை நாளில் பதில் வரும். ஒப்புதல் என்றால் ஐபிஏ கடிதம். அதன் உண்மையை அமைச்சின் தளத்தில் உன் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு நீயே சோதிக்கலாம். முத்திரை, கையெழுத்தோடு அச்சடித்த போலி ஐபிஏக்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அசலைவிட அழகாக இருந்தன. ஐபிஏ ஆறு மாதம் செல்லும். உங்கள் கம்பெனியில் மூன்று மாத நோட்டீஸ் என்றாய், தாராளமாகப் போதும். ஆகையால் ஐபிஏ கைக்கு வந்து, நீயே சோதித்துப் பார்க்கும்வரை ராஜினாமா மெயில் அனுப்பக் கூடாது. "சீக்கிரம் ரிலீவ் ஆகிவிடு, பேப்பர் பின்னாலேயே வருது" என்று கம்பெனியே சொன்னாலும் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் சித்தி சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேள்.

வந்த பிறகு எப்படி என்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். பாஸ் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வேறு இடத்துக்கு மாறினால் புதுக் கம்பெனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புள்ளிக் கணக்கும் முதலிலிருந்து. வேலை போனால் பாஸை ரத்து செய்துவிட்டு 30 நாள் தங்க அனுமதி கொடுப்பார்கள். அதற்குள் வேறு வேலை, அல்லது டிக்கெட். இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. நாலைந்து மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்காமல் இங்கே யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். வெளிநாட்டவருக்கு மத்திய சேமநிதி கிடையாது, ஆகவே உன் எதிர்காலச் சேமிப்பு முழுக்க உன் பொறுப்பு. சம்பளத்தில் மாதாமாதம் வரியும் பிடிக்க மாட்டார்கள். முதல் வருடம் முழுச் சம்பளத்தையும் பார்த்ததும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரிவதில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் கணக்குக் கொடுத்த பிறகு வரிச்சீட்டு வரும், அப்போது கடன் வாங்க ஓடுவார்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது கம்பெனி வரித்துறைக்குத் தெரிவித்து உன் கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். வரி தீர்ந்ததும் மீதி வரும். அது ஏமாற்று இல்லை, சட்டம்தான் அப்படி.

வீட்டில் உனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு ஓடுவது எனக்கும் தெரியும். அக்காவிடம் இதைச் சொல்லிவிடு: உன் நிலையான சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாமல் இருந்தால் கணவரை டிபென்டன்ட் பாஸில் அழைத்துவரலாம். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து அந்தப் பாஸில் வருகிறவர் வேலை பார்க்க வேண்டுமென்றால், அவருக்கென்று தனியாக வேலை பாஸ் எடுக்க வேண்டும். அவரும் இதே புள்ளிக் கணக்கில் ஏற வேண்டிவரலாம். "மாப்பிள்ளைக்கும் அங்கேயே ஏதாவது பார்த்துக்கலாம்" என்று தரகரிடம் யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். அப்பா அம்மாவை நீண்ட நாள் தங்கும்படி அழைத்துவர உன் சம்பளம் 12,000ஐத் தொட வேண்டும். அதுவரை விசிட் விசாதான்.

பிஆர் (நிரந்தரவாசம்) எப்போது கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். அதற்கு இந்த மாதிரிப் புள்ளிப் பட்டியல் எதையும் அவர்கள் வெளியிடவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் மூன்றாம் வருடமே வாங்கியவரும் உண்டு, கேட்டுக் கேட்டு ஓய்ந்தவரும் உண்டு. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதே.

இப்போது செய்ய வேண்டியது. அந்த எச்ஆருக்கு இன்று ராத்திரியே ஒரு மெயில் போடு. மூன்று கேள்வி போதும்: என் வயதுக்குரிய நிலையான சம்பளம் கொடுக்க முடியுமா, வேலை விளம்பரத்தின் லிங்க் எங்கே, காம்பஸில் கம்பெனியைப் பற்றிய இரண்டு தலைப்புகளுக்கும் உங்களுக்கு எத்தனை புள்ளி. கடைசிக் கேள்விக்கு "தெரியாது" என்று பதில் வந்தால் நம்பாதே. அமைச்சின் தளத்தில் கம்பெனி லாகின் செய்தால் அவர்கள் புள்ளி அவர்களுக்குத் தெரியும். நான் வாரத்துக்கு ஒரு தடவை எங்கள் கம்பெனிக்குப் பார்க்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும் இரண்டரை லட்சத்தில் ஒரு ரூபாயும் போகக் கூடாது. உன் அப்பா அவசரப்பட்டு அட்வான்ஸ் என்று ஏதாவது கொடுத்துவிட்டாரா என்று நைசாகக் கேட்டுப் பார், கொடுத்திருந்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து வை.

லெட்டரின் அடியில் கம்பெனியின் யுஇஎன் என்ற பதிவு எண் இருக்க வேண்டும், நீ அனுப்பிய படத்தில் அந்த ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப் பக்கத்தையும் மறுபடி அனுப்பு. எண் கிடைத்தால் பதிவேட்டில் போட்டு, கம்பெனி எப்போது தொடங்கியது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை எனக்கு லீவு. காலையில் கூப்பிடு.

அன்புடன்,
சித்தி